சுவர் வெட்டுதல் உட்பட

என் கணவர் இருபத்தாறு வருடங்களாகக் குழாய் வேலை செய்கிறார். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். வீட்டுக்காரர் எவ்வளவு என்று கேட்பார். "பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்பார் இவர். கொடுத்ததை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. சித்திரை மாதம், நடுப்பகல். மொட்டைமாடித் தொட்டிக்குள் இறங்கி மூன்று மணி நேரம் அடைப்பு எடுத்துவிட்டு வந்தார். இருநூற்றைம்பது ரூபாய் கொடுத்திருந்தார்கள்.

"ஏட்டி, நல்ல மனுசங்க. மோரு குடுத்தாங்க, பெருங்காயம் போட்டு" என்றார்.

அவருடைய வேலைகளை நான் எழுதிவந்த குறிப்பேட்டில் மோர் என்று எழுதி அதன் கீழே ஒரு கோடு போட்டேன்.

இப்படி வாங்கி வீடு எப்படி நடந்தது என்று கேட்கலாம். ஊரில் மற்றவர்களுக்கு நடப்பது போலத்தான் நடந்தது. ஒரு வேலை கைக்கு வந்ததும் வீட்டுக்காரரை நமக்குப் பழக்கமான கடைக்கு அழைத்துப்போக வேண்டும். பைப், குழாய், பீங்கான் எல்லாம் அவர் அங்கேதான் வாங்குவார். மாதக் கடைசியில் கடைக்காரர் அந்த பில்லில் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் உறையில் போட்டு பிளம்பருக்குத் தருவார். அந்தப் பணத்தையும் வீட்டுக்காரர்தான் கொடுத்திருப்பார், அவருக்குத் தெரிந்திருக்காது. கூலி குறைவாக இருக்கிறதே என்று அவருக்கு மகிழ்ச்சி. உறை வருகிறதே என்று எங்களுக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் அந்த உறையைக் கையில் வாங்கப் பிடிக்காது.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்கள் எழுத்தராக இருந்தவள். அங்கே கட்டணம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். வருகிறவர் அதைப் படிப்பார், கட்டுவார், ரசீது வாங்கிக்கொண்டு போவார். யாரும் யாரையும் பார்த்துக் கொடுக்கச் சொன்னதில்லை. அந்த வேலை முடிந்து நான் வீட்டில் உட்கார்ந்தபோது எனக்கு ஐம்பது வயது. இவருடைய வேலைகளை நாள்வாரியாக எழுதிப் பார்க்கத் தொடங்கினேன். எட்டு மாதக் குறிப்பு சேர்ந்ததும் அவர் முன்னால் வைத்து, இனி விலையை நாம் முதலில் சொல்ல வேண்டும், உறை வேண்டாம் என்றேன்.

"வெலையச் சொன்னா ஆளு போயிருவான். நீ வேல செய்யுத. அவன் கண்ணால பாக்கான். எவ்வளவு குடுக்கணும்னு அவனுக்குத் தெரியாதா?"

"மோரு குடுத்தவருக்குத் தெரியலையே?"

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், ஏறாது. "சரி. ஒரு வேலைக்கு நீ வெல போடு. மொதல்லேருந்து கடைசி வரைக்கும் உன் இஷ்டம். லாபமா முடிஞ்சா அதுக்குப் பொறவு எல்லா வேலைக்கும் நீதான் வெல. நட்டம் வந்துச்சுன்னா, இந்தப் பேச்சே கிடையாது. பழையபடிதான்."

ஒத்துக்கொண்டேன். ஐம்பது வயதுக்குமேல் எனக்கு வேறு எங்கும் நாற்காலி போடமாட்டார்கள். இந்தத் தொழிலில் எனக்கு ஓர் இடம் உண்டா, அல்லது சோறு கட்டிக்கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் உறையை வாங்கி அலமாரியில் வைக்கிறவள்தானா என்பது அந்த ஒரு வேலையில் இருந்தது.

வேலை கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தது. மும்பையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், அக்கிரகாரத்தில் பூட்டிக்கிடந்த சொந்த வீட்டைத் திறந்திருந்தார். அவருடைய அறுபதாம் கல்யாணத்தை அங்கே வைத்துச் செய்ய வேண்டும். வருகிறவர்கள் தங்க இரண்டு புதுக் குளியலறை, அடுக்களைக்குத் தண்ணீர். எல்லாக் குழாயும் சுவருக்குள் மறைந்திருக்க வேண்டும். விலையை எழுத்தில் அனுப்பவும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். எழுத்தில் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

நானும் கணவரும் வண்டியில் போய்ப் பார்த்தோம். வாசலிலிருந்து கொல்லைவரை ரயில் பெட்டி மாதிரி நீண்ட வீடு. அளவு நாடாவைப் பிடித்து நானே அளந்தேன். தண்ணீர் வந்து சேர வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் எங்கள் தொழிலில் பாயிண்ட் என்பார்கள். வாஷ்பேசினுக்குச் சுடுதண்ணீர் ஒன்று, பச்சைத்தண்ணீர் ஒன்று என்றால் இரண்டு பாயிண்ட். குளியலறைக்குப் பத்து வீதம் இருபது, அடுக்களைக்கு இரண்டு, ஆக இருபத்திரண்டு. சுவரின் கனத்தை வாசல் நிலையருகே அளந்தேன்: ஒன்றரை அடி. சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை. எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தச் சுவர் யாருடையது என்பது மட்டும் இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பூனை போகிற சந்தாவது இருக்கும். ஒரு சுவரின் இரண்டு முகமும் இரண்டு வீடாக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும்போது கணவர் வாய் திறந்தார். "பழைய வீட்டுக்குப் பாயிண்ட் கணக்கு போடாத. சம்பளக் கணக்கு பேசு. இத்தன ஆளு, இத்தன நாளு, அவ்வளவுதான். சுவத்துக்குள்ள என்ன கிடக்குன்னு யாரு கண்டா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சம்பளக் கணக்கில் வீட்டுக்காரருக்கு மொத்தம் எவ்வளவு என்று கடைசி நாள்வரை தெரியாது. நாம் தேநீர் குடிக்கும் நேரத்தைக்கூட அவர் கடிகாரத்தில் பார்ப்பார். மொத்தம் தெரிய வேண்டும் என்றுதானே அந்த மனிதர் எழுத்தில் கேட்டார்? பாயிண்ட்டுக்கு எண்ணூற்றைம்பது ரூபாய், மொத்தம் பதினெட்டாயிரத்து எழுநூறு என்று தட்டச்சு செய்தேன். கீழே இரண்டு வரி சேர்த்தேன். ஒன்று: "சுவர் வெட்டுதல், பூசி மூடுதல் உட்பட." மற்றொன்று: "பொருள்களை நீங்கள் விரும்பும் கடையில் வாங்கலாம். எங்களுக்குக் கடைக் கமிஷன் கிடையாது."

வீட்டுக்காரர் மறுநாள் தொலைபேசியில் பேசினார். "இன்னும் ரெண்டு பேர் விலை குடுத்திருக்கா. உங்களோடதுதான் ஒசத்தி. அது ஏன்னு கேக்கலாமா?"

"அவங்களுக்குக் கடையிலேருந்து வரும் சார். எங்களுக்கு வராது. அந்த வித்தியாசம்தான்."

"இதையே கையெழுத்துப் போட்டுக் குடுப்பேளா?"

கொடுத்தேன். கணவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கியது. "கடைக்காரர் காதுக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சியா? நாளைக்கு அவசரத்துக்கு ஒரு எல்போ கடனாக் குடுப்பாரா?" செய்தி அவர் காதுக்குப் போயே விட்டது. இரண்டாம் நாள் கடைக்காரர் எங்கள் வீட்டுக்குப் பேசினார். "என்ன அண்ணாச்சி, கடைய மூடச் சொல்லுதியளா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

வேலைக்குப் பதினைந்து நாள் கெடு; பத்து நாளில் முடியும் என்பது என் கணக்கு. பதினாறாம் நாள் டைல்ஸ் ஒட்டுகிறவர் வருவார். அவர் வரும்போது குழாய் எல்லாம் சுவருக்குள் போய், சோதித்து, மூடியிருக்க வேண்டும். கணவரும், மேலப்பாளையத்திலிருந்து வந்து பல வருடங்களாக அவரோடு வேலை பார்க்கும் ஒருவரும் இறங்கினார்கள். அவருக்கு நாள் சம்பளம். வேலை நீண்டாலும் குறைந்தாலும் அவருக்கு நாங்கள் கொடுத்தாக வேண்டும்.

நான்காம் நாள் காலை பத்தரை மணி. நான் கொல்லைப்பக்கம் பைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கட்டிங் மெஷின் கிழக்குச் சுவரைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தையும் மீறி வாசலில் ஒரு பெண் குரல்.

"ஏ அண்ணாச்சி! குழா மாட்டுதியளா, எங்க வீட்ட இடிக்கியளா?"

மெஷின் நின்றது. வாசலில் ஓர் ஐம்பது வயதுப் பெண் நின்றாள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு. பக்கத்து வீட்டுக்காரி. "வாங்க. வந்து பாருங்க. கண்ணால பாத்துட்டு வந்து பொறவு வெட்டுங்க" என்றாள்.

அவள் பின்னால் போனோம். அவர்கள் கூடத்தில் நான்கு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தரை முழுவதும் வேட்டி விரித்து அப்பளம் காயப் போட்டிருந்தது. சுவரோரம் காய்ந்ததைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தது. அவ்வளவின் மேலும் காரை. மாவு உருண்டை வைத்திருந்த பாத்திரத்துக்குள் ஒரு செங்கல் துண்டு கிடந்தது. சுவரில், நாங்கள் அந்தப் பக்கம் வெட்டிய கோட்டுக்கு நேராக, பூச்சு இரண்டு கை அகலத்துக்குப் பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிந்தது. ஒன்றரை அடிச் சுவர் என்று நான் எழுதியது சரிதான். ஆனால் உள்ளே செங்கல் அங்கங்கே பிடிப்பில்லாமல் இருந்திருக்கிறது.

நால்வரில் ஒருத்தி மெதுவாக, "அப்பளத்துக்கு உப்பு போதாதுன்னு சுண்ணாம்பு போட்டுட்டாவ போல" என்றாள். மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

"மெட்ராசுக்குப் போற சரக்கு. நாளைக்கு வண்டி வருது."

"எங்க வீட்டுச் சுவத்ததானம்மா வெட்டுனோம்…" என்று கணவர் தொடங்கினார்.

"உங்க வீட்டுச் சுவரா? இந்தத் தெருவுல ஒத்தச் சுவருக்கு ஒத்த ஆளு எங்க இருக்கு? எங்க பத்திரத்துல எழுதியிருக்கு, மேற்குப்புறம் பொதுச் சுவருன்னு. உங்க முதலாளியக் கேளுங்க. இனி ஒரு உளி பட்டாலும் நான் போலீசுக்குப் போவேன்."

வீட்டுக்காரரைக் கேட்டோம். அவர் பதினேழு வயதில் ஊரை விட்டுப் படிக்கப் போனவர். "பொதுவா? அப்பா சொன்னதில்லையே" என்றார். பொய் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது. உள்ளே போய்ப் பழைய பத்திரத்தின் நகலை எடுத்து வந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். பிறகு அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். என் இருபத்திரண்டு பாயிண்ட்டில் ஒன்பது அந்தச் சுவரில் இருந்தன.

அன்று மதியம் வேலை நடக்கவில்லை. எங்கள் ஆளை பஸ் ஏற்றி அனுப்பினோம். அந்த நாள் சம்பளத்தோடு. கணவரும் நானும் ஆற்றுப் படித்துறைக்குமேல் வண்டியை நிறுத்திச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தோம். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. கீழே யாரோ துணி அடித்துத் துவைக்கிற சத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

"கொல்லைப்பக்கம் சுத்தி, நடுச் சுவரு வழியாக் கொண்டுவரலாம்" என்றார் அவர். "அது அவாளுக்கே சொந்தச் சுவரு. ஆனா தூரம் கூடும். தரையையும் வெட்டணும். அஞ்சு நாளு கூட ஆவும். அஞ்சு நாளு அவனுக்குச் சம்பளம். இங்கன வெட்டுனத மூடணும். அந்தப் பொம்பளைக்கு அப்பளம்."

"நான் உட்படன்னு எழுதியிருக்கேன்."

"தெரியும்."

அவர் தொலைபேசி அடித்தது. கடைக்காரர். செய்தி எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் போகிறதோ. ஸ்பீக்கரில் போடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"கேள்விப்பட்டேன் அண்ணாச்சி. மனசு விடாதிய. பைப்பு கூட வாங்கத்தான போறாரு? இங்கன அனுப்பி விடுங்க. பில்லுல சேத்துக்கிடலாம். உங்களுக்கும் நட்டமில்ல, அவருக்கும் தெரியப்போறதில்ல."

கணவர் என்னைப் பார்த்தார். அது அதட்டல் பார்வை அல்ல. களைத்துப்போன பார்வை. அந்த உறை வந்தால் வேலை நட்டமில்லை. வேலை நட்டமில்லை என்றால் ஒப்பந்தப்படி விலை என் கையில். அவரும் அதைத்தான் நினைத்தார் என்று நினைக்கிறேன். அவர் எனக்கு எதிராக அல்ல, எனக்காக அந்தத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் மறுப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுட்டி."

"கமிஷன் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பொறவு பேசுதேன் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டு, அவர் சோற்றை மூடினார். "அப்ப நட்டம். அத ஒத்துக்கோ."

"நாளைக்கு அவர்கிட்டப் பேசிட்டு ஒத்துக்கிடுதேன்."

மறுநாள் காலை நான் மட்டும் உள்ளே போனேன். வீட்டுக்காரர் என் காகிதத்தை மேசைமேல் வைத்து, அதன்மேல் விரலை வைத்திருந்தார். எதிரே என்னை உட்காரச் சொன்னார். வங்கியில் கடன் கேட்க வந்தவர்களை இப்படித்தான் உட்கார வைத்திருப்பார் என்று தோன்றியது. வழி மாற்ற வேண்டியிருப்பதைச் சொன்னேன். ஐந்து நாள் கூடும் என்றும், எங்களுக்கு வைத்த பதினைந்து நாளுக்குள் எப்படியும் முடித்துவிடுவோம் என்றும் சொன்னேன். அந்த ஐந்து நாள் கூலியில் பாதியையாவது அவர் ஏற்க வேண்டும் என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சுவர் வெட்டறது உட்படன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"பொதுச் சுவர்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா எழுதினது நீங்க. நான் முப்பத்தஞ்சு வருஷம் எழுத்தைப் பாத்துதான் பணம் குடுத்திருக்கேன். கூலி, எழுதினது எழுதினதுதான். ஒரு ரூபா சேர்க்கமாட்டேன்."

நான் எழுந்துகொள்ளப் போனேன். அவர் கையை உயர்த்தினார்.

"பைப்பு கூடுதலா எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். நீளம், எல்போ, எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

"பில் வரட்டும், குடுக்கறேன். அதுல நான் பேரம் பேசமாட்டேன். கமிஷன் இல்லைன்னு கையெழுத்துப் போட்டவா நீங்க. வேற யாராவது இருந்திருந்தா இதையும் நம்பியிருக்க மாட்டேன்."

பாதி வெற்றி என்று அதை எண்ணிக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. கூலிதான் நட்டம், பைப் அல்ல.

இனிப் பக்கத்து வீடு. கணவரும் வந்தார். கூடத்தைக் கழுவியிருந்தார்கள். நான்கு பெண்களும் புதிதாக மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கை விழும் ஒவ்வொரு தடவையும் உளுந்து வாசனை வந்தது. இனி உங்கள் சுவரைத் தொடமாட்டோம், பெயர்ந்ததைப் பூசித் தருகிறோம் என்று சொன்னேன். சரி என்றாள். "அப்பளத்துக்கு நாங்க எவ்வளவு தரணும்?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "பாத்துக் குடுங்க."

பின்னால் கணவர் தொண்டையைச் செருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல, நீங்க சொல்லுங்க. உங்க சரக்கு, உங்களுக்குத்தான் வெல தெரியும்."

"நான் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியாதா? கண்ணால பாத்தியல்லா?"

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில். நான்கு பெண்களும் உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். குறைத்துக் கொடுத்தால் அந்தக் கூடம் முழுவதும் என்னை என்ன நினைக்கும்? கூட்டிக் கொடுத்தால் நட்டம் இன்னும் பெருகும். இருபத்தாறு வருடங்கள் இவர் ஊர் மக்களை நிறுத்தி வைத்திருந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பணிவாகச் சொல்கிற சொல் என்றுதான் அதை நினைத்திருந்தேன். கேட்கிறவர் பக்கம் நின்றால் அதில் பணிவு ஒன்றும் இல்லை.

சுவரோரம் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன். உளுந்து, நான்கு பேர் சம்பளம், கெட்டுப்போன கட்டுகள். முந்தைய நாள் அந்தக் கூடத்தில் நின்றபோதே கட்டுகளை எண்ணியிருந்தேன். மூவாயிரத்து இருநூறு வந்தது. மூவாயிரத்து ஐந்நூறாக எடுத்துக் கொடுத்தேன்.

அவள் எண்ணினாள். மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து என்னிடம் திருப்பி நீட்டினாள். "கூட இருக்கு."

எனக்குச் சுரீர் என்றது. "அப்ப வெல தெரிஞ்சுதான இருந்திய? சொல்லியிருக்கலாம்லா?"

"தெரியும். ஆனாச் சொல்லமாட்டேன்" என்றாள். "நான் ஒரு வெலையச் சொன்னா, சுவத்த வித்த மாதிரி ஆயிரும். நாளைக்கு அவாளே சொல்லுவாவ, துட்டு வாங்கிட்டுத்தான வெட்ட விட்டாள்னு. நீங்களாக் குடுத்தா, செஞ்ச தப்புக்குக் குடுத்தது. அதுனால சுவத்துல எனக்குள்ள பாத்தியத போயிராது."

வெளியே வந்ததும் கணவர், "பாத்தியா? எல்லாருக்கும் வெல தெரியும்" என்றார். முதல் தடவையாக அந்த இரண்டு நாளில் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அவ தப்புக்கு வாங்குனா. நீங்க என்ன தப்புக்கா வாங்குதிய? நீங்க வேல செஞ்சு விக்கிய. விக்கிறவன் வெல சொல்லணும்."

அவர் சிரிப்பு போய்விட்டது. நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சொன்ன நேரம் சரியில்லை.

பிறகு எட்டு நாள். கொல்லையைச் சுற்றி, தரையை வெட்டி, நடுச் சுவர் வழியாக. அந்தச் சுவரில் மெஷின் வைக்கக் கணவருக்குப் பயம் வந்துவிட்டது. உளியும் சுத்தியலுமாகவே செய்தார். எங்கள் ஆளுக்கு அது ஒவ்வொரு நாளும் கேலி. "மதினி, அண்ணன் சிற்பம் செதுக்குதாவ. முடிஞ்சதும் கும்பாபிசேகம் வச்சிருவோம்." நான் ஒவ்வொரு மாலையும் அவருக்குச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தேன். கணவர் அந்த நேரத்தில் வேறு பக்கம் போய்விடுவார்.

பதினான்காம் நாள் சோதனை. எல்லா முனைகளையும் அடைத்துவிட்டு, கையால் அடிக்கும் ஒரு பம்பு வைத்துத் தண்ணீரைக் குழாய்க்குள் இறுக்க வேண்டும். பம்பின் மேலே அழுத்தம் காட்டும் ஒரு முள். ஆறில் நிறுத்தினால் இரண்டு மணி நேரம் ஆறிலேயே நிற்க வேண்டும். இறங்கினால் எங்கோ கசிகிறது. நான் ஒரு பலகையைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பது நிமிடம் அசையவில்லை. அதற்குமேல் முள் ஆறின் கோட்டை விட்டு ஒரு மயிரிழை கீழே வந்த மாதிரி இருந்தது. என் கண்தான் களைத்துவிட்டதோ என்று தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஐந்தரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கணவர் ஒவ்வோர் இணைப்பாகக் கையால் தடவிக்கொண்டு போனார். இரண்டாவது குளியலறையில், ஹீட்டருக்குப் போகிற வளைவில் அவர் விரல் நின்றது. ஈரம். அறுத்து எடுத்து, புது எல்போ ஒட்டினார். பசை காய ஒரு நாள் வேண்டும். இரண்டு மணி நேரத்திலேயே தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. டைல்ஸ்காரர் நாளை மறுநாள் காலை வந்துவிடுவார். "இப்பவே விட்டுப் பாத்துருவோமா?" என்று எங்கள் ஆள் கேட்டார். கணவர் என்னைக் கேட்கவில்லை. "நாளைக்கு" என்றார்.

மறுநாள் மதியம் முள் இரண்டு மணி நேரம் நின்றது. வீட்டுக்காரர் வெளியே போய்ப் பேப்பர் படித்துவிட்டு வந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவர்கள் இருவரும் காரை குழைத்து வெட்டிய இடங்களையெல்லாம் மூடினார்கள்.

டைல்ஸ் முடிந்து, குழாய்களை மாட்டி, பக்கத்து வீட்டுச் சுவரையும் பூசிக்கொடுத்தது விசேஷத்துக்கு முந்தின நாள். வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் பதினெட்டாயிரத்து எழுநூறை எண்ணிக் கொடுத்து, என் காகிதத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாம்பூலப் பை கொடுத்தார்கள். அவருடைய அத்தை மகன் ஒருவர், இரண்டு தெரு தள்ளி வீடு இருக்கிறவர், குளியலறைக்குள் போய் எல்லாவற்றையும் திருகிப் பார்த்துவிட்டு வந்து கணவரிடம் கேட்டார்:

"நம்மாத்துலயும் இதே மாதிரி பண்ணணும். எவ்வளவு ஆகும்?"

எனக்கு நட்டம் எவ்வளவு என்று ரூபாய்வரை தெரியும். கணவருக்கும் தெரியும். நான் தாம்பூலப் பையின் வாயை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கணவர் பையில் ஸ்பேனரைப் போட்டார். பிறகு நிமிர்ந்தார். "பத்திரத்த எடுத்து வைங்க. எது உங்க சுவரு, எது பொதுச் சுவருன்னு மொதல்ல தெரியணும். சுவத்துக்குள்ள செய்யுத வேலைக்குச் சம்பளக் கணக்கு. வெளிய உள்ளதுக்குப் பாயிண்ட் கணக்கு. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து எழுதமாட்டோம்." என் பக்கம் கையைக் காட்டினார். "இவ வந்து அளப்பா. வெல இவதான் சொல்லுவா."

வண்டி சேரன்மகாதேவிக்கு வந்தபோது நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "நட்டம்தான். ஒத்துக்கிடுதேன்."

"அதான் தெரியுமே." வயல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். "கடை உறைய மட்டும் வாங்கிக்கிடுவோம். அதுல என்ன?"

"அது கிடையாது."

ஒரு பஸ்ஸை முன்னால் விட்டார். வெகுநேரம் அதன் பின்னாலேயே போனோம்.

"அப்ப பாயிண்ட்டுக்கு நூறு ரூவா கூட்டு" என்றார்.

ஐம்பது போதாதா என்று கேட்டேன்.

"நூறுதான்."